நாலு பிள்ளைகள், ஒரு விறாந்தை: ஆத்திசூடியிலிருந்து நன்னூல் வரை வீட்டில் படிப்பிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு. மூத்தவன் தரம் 9, வயது 14. அடுத்தவள் தரம் 6, வயது 11. மூன்றாமவனுக்கு 8. கடைக்குட்டிக்கு நாலரை. ஆத்திசூடியில் தொடங்கி, செய்யுளில் சொற்பொருள் சொல்லும் நிகண்டு, இலக்கண நூலான நன்னூல் வரை போகிற பழைய படிப்பை வீட்டில் கொடுக்க வேண்டும். நாலு பேருக்கும் தனித்தனியே நாலு பாடம் சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே? பாடசாலையை நிற்பாட்டிவிட்டு இதையே முழுப் படிப்பாக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நிற்பாட்ட வேண்டாம். 2016 இலிருந்து இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. அதற்கு முன் 14 வயதோடு நின்றது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் விஞ்ஞானம், ஆங்கிலம், சிங்களம், விளையாட்டு எல்லாவற்றையும் ஒரு வீட்டால் நாலு வயதுக்கும் ஈடுகொடுக்க இயலாது. ஆகவே கீழே சொல்வது முழுவதும் பாடசாலை நாளில் 45 நிமிடம், வார இறுதியில் ஒன்றரை மணித்தியாலம் என்ற அளவுக்குள் அடங்கும். பின்னேரம் ரியூசனுக்கும் போய்வருகிற பிள்ளையிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

இனி நேரப் பிரச்சினை. நாலு பேருக்கு நாலு பாடம் என்று நினைப்பதிலேயே பிழை தொடங்குகிறது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில், மாணாக்கன் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் 'காற்கூ றல்லது பற்றல னாகும்'. கால் பங்குதான் பிடிபடும். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் அரைவாசியும், படித்ததைத் தான் பிறருக்குச் செவ்வையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டில் இந்த அரைவாசிக்கு ஆள் தேட வேண்டும். உங்கள் வீட்டில் ஆள் தயாராக இருக்கிறது. பெரிசுகள் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை உங்கள் வேலையைக் குறைக்கும் ஒரு தந்திரமாக எண்ண வேண்டாம். பெரிசுகளின் படிப்பில் பாதி அதுதான்.

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணாக்கன் செய்தது இதைத்தான். மூத்த மாணாக்கர் இளையவர்களுக்கு மணலில் எழுதிக் காட்டுவதைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், அதைத் தன் பள்ளியில் நடத்திப் பார்த்து 1797 இல் இலண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. நம்முடைய சரக்குத்தான், கப்பலேறிப் போனது.

சோடி சேர்க்கும்போது அடுத்தடுத்த இருவரைச் சேர்க்காதீர்கள். 14 உம் 11 உம் சேர்ந்தால் போட்டி; 11 உம் 8 உம் சேர்ந்தால் சண்டை. ஒருவரைத் தாண்டிச் சேருங்கள். மூத்தவன் மூன்றாமவனுக்கு, இரண்டாமவள் கடைக்குட்டிக்கு. ஆறு வருச இடைவெளி இருந்தால் 'அண்ணாவுக்கு எல்லாம் தெரியும்' என்ற மரியாதை தானாக இருக்கும். மூன்று வருசம் என்றால் இராது. படிப்பிக்கிற பிள்ளைக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய விதிகள் மூன்று. சின்னவர் பிழை விட்டால் பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து பிறகு திருத்த வேண்டும். நடுவில் வெட்டினால் வெட்டின இடத்திலேயே அடுத்த நாளும் தடக்கும். சரியான வரியைத் தான் ஒருமுறை சொல்லி, சின்னவரை இருமுறை சொல்ல வைக்க வேண்டும். குட்டு, பகிடி இரண்டும் கூடாது. பழைய சட்டாம்பிள்ளைக்குக் கெட்ட பெயர் வந்ததே பிரம்பும் கையில் இருந்ததால்தான்.

மாலையில் விளக்கு வைத்த பிறகு 6.15 என்று வைத்துக்கொள்வோம். முதல் 7 நிமிடம் நாலு பேரும் ஒன்றாக இருந்து ஒரு தேவாரம், பிறகு பழம்பாடம், அதாவது முன்பு பாடமாக்கியதைத் திரும்பச் சொல்வது. கிறிஸ்தவ வீடு என்றால் உங்கள் பாட்டு. நீதிநூல்கள் எல்லா வீட்டுக்கும் பொது. அடுத்த 12 நிமிடம் சோடிப் பாடம். இந்த நேரத்தில் நீங்கள் எதையும் படிப்பிக்க வேண்டாம். குசினியில் நின்றபடி காதைமட்டும் கொடுங்கள். பிறகு 18 நிமிடம் மூத்த இருவரும் உங்களுடன். அப்போது மூன்றாமவன் உறுப்பெழுத்து எழுதுவான். கடைக்குட்டி பாயில் புளியங்கொட்டையை வைத்து எழுத்து அமைக்கும். கடைசி 8 நிமிடம் ஒப்புவித்தல். அம்மம்மாவோ அப்பப்பாவோ வீட்டில் இருந்தால் ஒப்புவிப்பது அவர்களிடம். படிப்பித்தவரிடமே ஒப்புவித்தால் கண் சாடையிலும் வாயசைவிலும் உதவி கிடைத்துவிடும்.

எந்த வயதில் எது என்பதில் பழைய ஒழுங்கை அதிகம் குழப்பத் தேவையில்லை. சின்ன வரியில் தொடங்கி வெண்பாவுக்குப் போய், பிறகு சொல்வளம், பிறகு இலக்கணம் என்று அது தானே படிகட்டி நிற்கிறது. ஆத்திசூடியில் 109 வரி. நாளுக்கு 3 வரி, கிழமைக்கு 15 என்றால் எட்டுக் கிழமையில் முடியும். கொன்றைவேந்தன் 91 வரி. வரி கொஞ்சம் நீளம் என்பதால் நாளுக்கு 2, பத்துக் கிழமை. உலகநீதி 13 பாட்டு. ஒவ்வொன்றும் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஓடுவதால் ஆறு வயதுக்கு அது விளையாட்டு. ஏழு, எட்டு வயதில் மூதுரை 30 வெண்பா, அடுத்த வருசம் நல்வழி 40, பதினொன்றில் நன்னெறி 40. வெண்பா கிழமைக்கு ஒன்றுதான். தவணைப் பரீட்சை, திருவிழா, காய்ச்சல் எல்லாம் போக வருசத்தில் 40 கிழமை கிடைப்பதே பெரிய காரியம். பன்னிரண்டு வயதுக்குமேல் நீதிநெறி விளக்கம், தெரிந்தெடுத்த குறள் அதிகாரங்கள், நாலடியார், நளவெண்பா. அந்தாதியில் கை வைக்கும் காலம் வந்தால் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கல்வளை யந்தாதி இருக்கிறது. சண்டிலிப்பாய்ப் பிள்ளையாரைப் பாடியது என்பதால் பாட்டுடைத் தலைவனைச் சைக்கிளில் போய்க் கும்பிட்டுவிட்டே படிக்கலாம்.

தரம் 5 இல் புலமைப்பரிசில் வருசம் புதுப் பாட்டு ஒன்றும் வேண்டாம், பழம்பாடம் மட்டும் போதும். அந்த வருசமும் விடாமல் ஓட்டிய வீடுகளில் பிள்ளைக்குப் பரீட்சையோடு சேர்த்துப் பாட்டிலும் வெறுப்பு வந்துவிடும்.

ஒரே பாட்டை நாலு பேருக்கும் எப்படி வைப்பது என்பதை ஒன்றில் காட்டுகிறேன். மூதுரையில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த பாட்டு:

நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி
என்று தருங்கொல் எனவேண்டா - நின்று
தளரா வளர்தெங்கு தாளுண்ட நீரைத்
தலையாலே தான்தருத லால்

இது மூன்றாமவனுடைய பாடம். கடைக்குட்டிக்கு இதில் பாடமாக்க ஒன்றுமில்லை. முற்றத்துத் தென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாள் எது, தலை எது என்று தொட்டும் சுட்டியும் காட்டச் சொல்லுங்கள். அடியில் ஊற்றின தண்ணீர் உச்சியில் இளநீராய் வருகிறது என்பது நாலரை வயதுக்கு நன்றாக விளங்கும். மூன்றாமவனுக்கு நாலு சொல்: ஒருவற்கு என்றால் ஒருவனுக்கு, என்று என்றால் எப்போது, தெங்கு என்றால் தென்னை, தாள் என்றால் அடி. 'என்று' என்பதைப் பிள்ளைகள் பேச்சிலுள்ள 'எண்டு' என்று எடுத்துக்கொண்டு பொருளைக் குழப்புவார்கள். அதை முதல் நாளே தெளிவாக்கிவிட வேண்டும்.

பதினொரு வயதுக்காரிக்கு இதே பாட்டில் புணர்ச்சி. அந்நன்றி என்பது அ + நன்றி. சுட்டெழுத்துக்குப் பின் மெய் இரட்டித்தது. தாளுண்ட என்பது தாள் + உண்ட; மெய்மேல் உயிர் ஏறியது. 'நீரைத் தலையாலே' என்ற இடத்தில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்பதால் த் மிகுந்தது. 'வளர்தெங்கு' வினைத்தொகை, அதனால் வல்லினம் வந்தும் மிகவில்லை. நாலு வரிக்குள் நாலு விதி கிடைக்கிறது. மலிவுப் பதிப்புகளில் சொல்லைப் பிரித்துப் போடுகிறோம் என்று ஒற்றெழுத்தையும் உதறிவிடுவார்கள். அப்படியான புத்தகம் எட்டு வயதுக்கு உதவும், பதினொரு வயதுக்கு உதவாது. சொல் பிரித்த பதிப்பு ஒன்று, சீர் பிரித்த பதிப்பு ஒன்று என்று இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.

மூத்தவனுக்கு யாப்பு, அதாவது பாட்டை அசை, சீர், தளை என்று பிரித்துப் பார்ப்பது. நேர், நிரை என்பன அசைகள்; புளிமாங்காய் போன்றவை சீரின் வாய்பாடுகள். கடைசி அடியைப் பாருங்கள். தலையாலே: நிரை, நேர், நேர், புளிமாங்காய். தான்தருத: நேர், நிரை, நேர், கூவிளங்காய். லால்: தனி நேர், நாள் என்ற வாய்பாடு. காய் முன் நேர் வந்திருக்கிறது, இரண்டு இடத்திலும் தளை சரி. மூன்றாம் அடியில் தளரா புளிமா. அதற்கு அடுத்தது வளர் என்று நிரையில் தொடங்குகிறது. மா முன் நிரை. 'தருதலால்' என்ற ஒரே சொல் ஏன் 'தருத லால்' என்று உடைந்து கிடக்கிறது என்று சின்னவர்கள் கேட்பார்கள். அச்சுப்பிழை என்றே பலர் நினைக்கிறார்கள். சீருக்காகச் சொல்லை உடைப்பது, வகையுளி என்று பெயர். இதை மூத்தவன்தான் மூன்றாமவனுக்குச் சொல்ல வேண்டும். தனக்குக் கேட்டபோது விளங்கின மாதிரி இருந்தது, சொல்லப்போனால் விளங்கவில்லை என்று அவனுக்கே தெரியவரும். அப்போது உங்களிடம் திரும்பி வருவான். கால் பங்குக் கணக்கு வேலை செய்கிற இடம் இதுதான்.

ஒரு வெண்பாவைக் கிழமைக்குள் பங்கிடுவது இப்படி. திங்கள் புத்தகம் இல்லாமல் மூன்றுமுறை கேட்பது. செவ்வாய் பின்னிரண்டு அடி. புதன் முன்னிரண்டு அடி. வியாழன் முழுப்பாட்டும் பொருளும். வெள்ளி கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் பாராமல் எழுதுவதோடு சரி. பின்னடியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எப்போதும் முதல் அடியிலிருந்தே தொடங்கினால் முதல் அடி நூறு தடவையும் கடைசி அடி இருபது தடவையும் வாயில் வரும். பிறகு மேடையில் நின்று கடைசி அடியைத் தேட வேண்டியதுதான்.

பாடமாக்கியதைக் காப்பாற்றுவதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பகுதி. பாட்டின் முதற்குறிப்பை மட்டும் எழுதி, அதற்கு நேரே நாலு கட்டம்: 1 நாள், 3 நாள், 7 நாள், 21 நாள். அந்தந்த நாளில் கேட்டுச் சரி வந்தால் புள்ளடி. பிழைத்தால் மறுபடி முதற் கட்டம். நாலும் தாண்டினது மாதத்துக்கு ஒருமுறை. வெண்பா ஒன்றைச் சொல்ல 20 வினாடி போதும். நாலு பேர் ஆளுக்கு இரண்டு சொன்னாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் கொப்பி இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? புதுப்பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நல்வழி முடியும்போது மூதுரையில் பத்தும் தேறாது. திண்ணைப் பள்ளியில் மாலையில் பிள்ளையை விடும்போது ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார்கள். காலையில் வந்ததும் மறக்காமல் சொல்ல வேண்டும். படுக்கப்போகும்போது நீங்களும் அதைச் செய்யலாம். செலவில்லாதது, கடைக்குட்டிக்கு மிகவும் பிடிக்கும்.

கடைக்குட்டி பெரிசுகளின் பாட்டைக் காதால் கேட்டே பிடித்துவிடும். அது நல்லதுதான், ஆனால் பிழையோடு பிடிக்கும். அதைத் திருத்தப் போகாதீர்கள். அதன் முறை வரும்போது பொருளோடு சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம். உச்சரிப்பு வேறு விசயம். நம் ஊர்ப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு ஒட்டிப்போகும். வீட்டில் 'வாளைப்பழம்' என்று கேட்டு வளர்கிற பிள்ளை சொல்வதெழுதலிலும் அப்படியே எழுதும். சந்தையில் மீன் வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு வாளை வேறு, வாழை வேறு என்று காட்டுவது சுலபம். பேச்சைத் திருத்த வேண்டாம். பாட்டுச் சொல்லும்போது மட்டும் ழகரத்துக்கு நாக்கை உள்ளே வளைக்கட்டும்.

கடைக்குட்டிக்கு எழுத்து. வாய்க்கு ஒரு ஒழுங்கு, கைக்கு வேறு ஒழுங்கு. ஏடு தொடக்கியதும் வாய் அரிவரியை அ, ஆ என்று வரிசையில் சொல்லட்டும். கை அகரத்தில் தொடங்கினால் சுழி சுழியாக மாட்டிக்கொள்ளும். தாம்பாளத்தில் அரிசியோ மணலோ பரப்பி ட, ப, ம, பிறகு ர. நாலெழுத்தும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், மரம், பட்டம் என்று சொல்லே எழுதலாம். பென்சில் அவசரமில்லை. விரலால் எழுதி வடிவம் கைக்கு வந்தபிறகு சிலேட், அதற்குப் பிறகுதான் கொப்பி.

நிகண்டுக்கு வருவோம். பலர் பயப்படுகிற இடம் இது, பயப்படத் தேவையில்லை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் 12 தொகுதி. யாழ்ப்பாணத்தில் பழையவர்கள் முழுதையும் நெட்டுருப் போட்டார்கள் என்பதற்காக நீங்களும் போட வேண்டியதில்லை. பிள்ளை ஏற்கெனவே அறிந்த பாட்டிலிருந்து உள்ளே போங்கள். 'ஆறிரு தடந்தோள் வாழ்க' என்ற வாழ்த்தைக் கோயிலில் கேட்காத பிள்ளை இங்கே இல்லை. அது கந்தபுராணப் பாட்டு. அதில் வெற்பு, குக்குடம், மஞ்ஞை, அணங்கு என்று நாலு சொல் வரும். பாடத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்குக் குக்குடம் சேவல் என்று தெரியாது. மஞ்ஞையையும் குக்குடத்தையும் விலங்கின் பெயர்த் தொகுதியில் தேடட்டும், வெற்பை இடப்பெயர்த் தொகுதியில் தேடட்டும். தேடிக் கண்டுபிடித்த செய்யுளை மட்டும் பாடமாக்கினால் போதும். மாதம் இரண்டு செய்யுள்.

பதினோராந் தொகுதி மட்டும் தனி ரகம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. 'பகவனே ஈசன் மாயோன் பங்கயன் சினனே புத்தன்' என்று தொடங்கும்; பகவன் என்ற ஒரே சொல்லுக்கு ஐந்து பொருள். குறளின் முதற் பாட்டில் 'ஆதி பகவன்' யார் என்று மூத்தவன் கேட்கிற அன்றைக்கு இந்த அடியை எடுத்து வையுங்கள். இந்தத் தொகுதியில் சொல் தேடும்போது ஒரு சிக்கல் வரும். அகராதி போல முதலெழுத்தில் தேடினால் அகப்படாது. எதுகை வரிசை, அதாவது இரண்டாம் எழுத்தால் தேட வேண்டும். பகவன், பகல் எல்லாம் ககர எதுகையில் ஒன்றாக இருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் மூடிவைத்துவிடுவான். யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய பதிப்புகள் பலவற்றை நூலகம் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

வார இறுதி ஒன்றரை மணித்தியாலத்தைப் புராணபடன முறையில் நடத்துங்கள். கோயிலில் ஒருவர் வாசிக்க ஒருவர் பயன், அதாவது பொருள், சொல்வது போலவே. பதினொரு வயதுக்காரி பாட்டைத் துண்டு துண்டாக வாசிப்பாள். மூத்தவன் ஒவ்வொரு துண்டுக்கும் பயன் சொல்வான். மூன்றாமவன் முடிவில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும், கடைக்குட்டி கதையில் வந்த ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஐந்து பாட்டுக்கு மேல் போக வேண்டாம். கந்தபுராணம் பத்தாயிரம் பாட்டுக்கு மேல். முதலிலிருந்து தொடங்கினால் கரையேற முடியாது. ஐப்பசியில் கந்தசட்டிக்கு ஒரு மாதம் முன்னதாக யுத்த காண்டத்தில் சூரபன்மன் வதைப்படலத்தை எடுங்கள். சூரன்போரன்று கோயில் வீதியில் நிற்கும்போது மாமரமாய் நின்றவன் சேவலும் மயிலுமாவதை நாலும் தங்கள் பாடமாகவே பார்க்கும். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்துக்குத் திருவாதவூரடிகள் புராணம்.

பயன் சொல்வதில் வருகிற வழக்கமான பிழை, பொழிப்பை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது. கண்டுபிடிப்பது சுலபம். பாட்டிலுள்ள ஒரு சொல்லை மட்டும் எடுத்து 'இதற்கு எது பயன்?' என்று கேளுங்கள். தடுமாறினால் உரையைத்தான் பாடமாக்கியிருக்கிறான்.

இலக்கணத்தில் நேரே நன்னூலுக்குள் இறங்க வேண்டாம். நல்லூர் ஆறுமுக நாவலர் எழுதிய இலக்கணச் சுருக்கம் வசனத்தில் இருக்கிறது, பகுதிதோறும் தேர்வு வினாவும் உண்டு. மூத்தவன் தானாகப் படித்து நீங்கள் வினாவை மட்டும் கேட்கலாம். அது ஒரு வருசம். பிறகு நன்னூல் 462 சூத்திரத்தில் எழுத்தியல், உயிரீற்றுப் புணரியல், மெய்யீற்றுப் புணரியல் மூன்றையும் எடுங்கள். பதவியலைப் பின்னுக்குத் தள்ளலாம். பாயிரம் 55 சூத்திரத்தில் மேலே சொன்ன பாடங்கேட்கும் பகுதி போதும். சூத்திரத்தைச் சொல்லி உதாரணம் காட்டுவது தலைகீழ். மூதுரையில் பார்த்த 'நீரைத் தலையாலே' போல ஐந்து உதாரணம் சேர்ந்த பிறகு சூத்திரம் வரட்டும். வந்த அன்றே நிற்கும். இதற்கு மேலும் போக விரும்பினால், 1921 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்று மூன்று படியாகப் பரீட்சை வைத்தது. அந்தப் படிகளை வரைபடமாக வைத்துக்கொள்ளலாம்.

பழைய கணக்கு வாய்பாட்டு நூலான எண்சுவடி முழுதும் இந்தக் காலத்துக்கு வேண்டியதில்லை. வாய்ப்பாடு 16 வரை, பிறகு பின்னங்களைச் சொல்லும் கீழ்வாய் இலக்கத்தில் கொஞ்சம். பதினொரு வயதுக்காரி பாடசாலையில் பின்னம் படிக்கிற நேரம் இதைக் கொடுங்கள்: மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதன் பெயர் மாகாணி. பெயருக்குள்ளேயே கூட்டல் இருக்கிறது. அந்த மாகாணியை வீட்டு உறுதியிலும் காட்டலாம். ஏக்கரில் பதினாறில் ஒன்று நம் ஊர்த் தோட்டக்காணிக் கணக்கில் ஒரு பரப்பு, 10 பேர்ச், 18 குழி. 5 பரப்பு 9 குழி எத்தனை பேர்ச் என்று கேட்டால் 55 என்று வர வேண்டும். வயற்காணிக்குக் குழிக் கணக்கு வேறு. அதை இப்போது கலக்க வேண்டாம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் இரண்டு இடத்தில் குழம்பும். ஒன்று, சின்னது பெரிசை முந்துவது. எட்டு வயதுக்காரன் ஒரு கிழமையில் இரண்டு வெண்பாப் பிடிக்க, பதினொரு வயதுக்காரி ஒன்றில் நிற்கலாம். கொப்பியை எல்லாருக்கும் தெரியும்படி சுவரில் மாட்டினால் அவள் படிப்பை விடுவாள். ஒவ்வொருவர் பகுதியும் அவரவரும் நீங்களும் மட்டும் பார்ப்பதாக இருக்கட்டும். முந்துகிறவனுக்குப் புதுப்பாட்டைக் கூட்டாமல் பொருளையும் எழுத்தையும் கூட்டுங்கள்.

மற்றது மூத்தவனின் நேரம். தரம் 10 இல் காலடி வைத்ததும் சாதாரண தரப் படிப்பு அவனை இழுத்துவிடும். அப்போது ஒரேயடியாக விலக்காதீர்கள். சோடிப் பாடத்தை அந்த வருசம் விசயதசமியன்று கைமாற்றுங்கள். மூன்றாமவன் இரண்டாமவளிடம் போவான். சண்டை வரும் என்று மேலே சொன்னேன், ஒரு வருசம் கழிந்து அவள் அக்காவாகவே வளர்ந்திருப்பாள், சமாளிக்கலாம். கடைக்குட்டி மூன்றாமவனிடம். தான் பாடமாக்கி இரண்டு வருசமாகாத ஆத்திசூடியை அவன் படிப்பிப்பான். மூத்தவனுக்கு வார இறுதியில் பயன் சொல்வது மட்டும் மிஞ்சட்டும். தமிழ் மொழியும் இலக்கியமும் எல்லாருக்கும் கட்டாய பாடம்; தொகுதிப் பாடமாகத் தமிழ் இலக்கிய நயத்தையும் எடுத்தானென்றால் அந்த ஒன்றரை மணித்தியாலமே அவனுக்கு அந்தப் பாடத்துக்கான ரியூசன்.